உப்புச் சாடிக்குத் திரும்பிய யானைக் காசு

'இரவுக் காவலர். ஆண். உயரம் ஐந்தடி ஆறங்குலத்துக்குக் குறையாமல். நாய், பாம்பு, இருட்டு ஆகியவற்றுக்கு அஞ்சாத திடகாத்திரமான உடல்வாகு. எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதுமானது.'

மொரப்பூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இந்த விவரத்துக்கு நேரே இருக்கும் பெயர் பிளசி. எம்.எஸ்ஸி. வேதியியல். நாலடி பத்தங்குலம். காலையில் வந்து மாலையில் போகிறவள். வழியில் ஒரு நாய்க்குட்டி படுத்திருந்தால்கூட நூலகத்தைச் சுற்றிக்கொண்டுதான் வருவாள். ராத்திரி சாப்பிட்ட கை காய்வதற்குள் தூங்கிவிடுகிறாள் என்று அவளுடைய அம்மா மிக்கேலம்மாளே சொல்லியிருக்கிறாள்.

கல்லூரி அருங்காட்சியகத்தில் பழங்காசுகளைப் பராமரிக்க ஆள் கிடைத்தது, பணியிடம் இல்லை. இரவுக் காவலுக்குப் பணியிடம் இருந்தது, ஆள் கிடைக்கவில்லை. நிர்வாகம் இரண்டு குறைகளையும் சேர்த்துக் கட்டி ஒரு நிறைவை உண்டாக்கிக்கொண்டது. பிளசிக்கும் இதில் வருத்தமில்லை. ராத்திரித் திருடன் இதுவரை வந்ததில்லை. அவள் காவல் காப்பது வேறொரு திருடனிடமிருந்து. வெண்கலத்துக்குள் உப்பு ஏறிவிட்டால், காற்றிலுள்ள ஈரம் பட்டதும் காசின் மேல் வெளிர்பச்சை மாவு பூக்கும். தேய்த்து எடுத்தால் மறுபடி பூக்கும். பூக்கிற ஒவ்வொரு முறையும் காசில் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் போகும். அதற்கு வெண்கல நோய் என்று பெயர்.

போன வைகாசியில் ஏரியூர்ப் பக்கமிருந்து காசியம்மாள் வந்தாள். அவளுடைய அண்ணன் மகள் அந்தக் கல்லூரியில் படிக்கிறாள். தருமபுரியில் பஸ் மாறி வந்தவள், முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் ஒரு வெண்கலக் காசை வைத்தாள். ஒரு பக்கம் யானை. யானையின் முதுகில் பச்சை மாவு.

"மாமனாரோட அப்பாரு கெணறு வெட்டறப்ப எடுத்ததுங்க. வருசா வருசம் ஆடிப் பதினெட்டுக்குப் படையல்ல வெக்கறது. எங்க வூட்டுக்காரரோட அண்ணன், மூத்தாரு மாதப்பன் பெங்களூர்லருந்து இத பாக்கறதுக்குன்னே வருவாரு. இந்தக் கோலத்துல பாத்தாருன்னா, வூட்டு லட்சுமிய வெச்சுக் காப்பாத்தத் துப்பில்லாத மருமவள்னு என்னைய ஊரெல்லாம் இழுத்துருவாரு."

"தேய்ச்சீங்களாக்கா?"

"புளி போட்டுத்தான். குத்துவிளக்காட்டம் மின்னுச்சு. ஒரு வாரத்துல மறுக்கா பூத்துருச்சு."

"இத எங்க வெச்சிருந்தீங்க?"

"இதென்ன கேள்வி? உப்புச் சாடிலதான்."

உப்பு மகாலட்சுமி என்பதும், அதற்குள் காசைப் புதைத்தால் வீட்டில் செல்வம் தங்கும் என்பதும் பழமையான ஐதீகம். அது காசியம்மாளுக்கு வந்து சேர்ந்தது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், செல்போன் வீடியோவில். அதுவரை அந்தக் காசு துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள், யாருடைய அருளும் இல்லாமல், நோய்நொடியற்றுக் கிடந்தது.

பிளசி காசை வாலை வடித்த நீரில் போட்டாள். பேட்டரிக் கடையில் கேன் கேனாக விற்கிற தண்ணீர்தான். காசிலுள்ள உப்பு மெல்ல நீரில் இறங்கும். நீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் பழைய நீரில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுவாள். பால்போல் வெளுத்தால் இன்னும் உப்பு இருக்கிறது. வைகாசி முழுக்க வெளுத்தது. ஆனியில் காசியம்மாள் பார்க்க வந்தபோதும் லேசாக வெளுத்தது.

"தண்ணில ஊறப் போடறதுக்கா கண்ணு இத்தன படிச்ச? நானும் வூட்டுல பயறு ஊறப் போடறேன்."

"உங்க பயறு ஒரு ராத்திரில மொளச்சுரும்க்கா. இது மொளைக்காம இருக்கத்தான் இத்தன நாளு."

ஒரு நாள் சொட்டு விழுந்தும் நீர் தெளிவாகவே நின்றது. காசை உலர்த்தி, தாமிரத்துக்கான காப்பு மருந்தில் முக்கி எடுத்து, மெல்லிய மெழுகு பூசினாள். யானை பழுப்பு நிறத்தில், கண்ணும் தந்தமும் தெரிய நின்றது. பிளசிக்கு அது அழகு. வாங்கிப் போக வந்த காசியம்மாளுக்கு அது இழவு.

"என்ன கண்ணு, கறுத்துப் போச்சு?"

"அதான்க்கா அதோட நெறம். இனி புளி வேணாம். உப்புச் சாடியும் வேணாம்."

"புளிய வுட்டர்றேன். சாடிய எப்புடி வுடறது? காசப் போட்ட மாசந்தான் எங்க போர்ல தண்ணி வந்துச்சு. சுத்துப்பட்டுல ஒருத்தருக்கும் வரல."

பிளசியிடம் வேதியியல் இருந்தது. காசியம்மாளிடம் தண்ணீர் இருந்தது. தருமபுரி மாவட்டத்தில் இந்த வாதத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. சாடிக்குள் போனால் அடுத்த ஆடிக்குள் யானைக்கு முதுகே இருக்காது. பிளசி காசைக் கொடுக்கவில்லை. பூக்கிறதா என்று இன்னும் கொஞ்சம் நாள் பார்க்க வேண்டும் என்றாள். அது பாதி உண்மை. காசு அவர்களுடையது. ஆடிப் பதினெட்டுக்குத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

வீட்டில் வந்து, "படிக்காத ஜனங்களோட மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தாள். அரிசி அளந்துகொண்டிருந்த மிக்கேலம்மாள் டிரம்முக்குள் முழங்கை வரை விட்டு எதையோ துழாவி எடுத்துக் காட்டினாள். பழைய தைலப் புட்டி. உள்ளே அந்தோணியார் மெடல்.

"அரிசி கொறயக் கூடாதுன்னு ஒங்க ஆயா போட்டது. பூச்சி மருந்து மெடல்ல படக் கூடாதுன்னு நாந்தான் புட்டிக்குள்ள வெச்சேன். படிச்சவளே, இத எடுத்து வெளிய வீசு பாப்போம்."

பிளசி வீசவில்லை. புட்டியை வாங்கி மூடியைத் திருகிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

ஆடிப் பதினெட்டன்று அவளே காசோடு ஏரியூருக்குப் போனாள். வாசலில் நாய் இருந்ததால் காசியம்மாளின் கணவர் பெரியண்ணன் தடியோடு வந்து காவலரை உள்ளே அழைத்துப்போனார். படையலில் காசை எடுத்து மாதப்பன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காசியம்மாள் தேங்காயை உடைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"எங்கப்பன் கையில நான் பாத்தப்ப இப்புடித்தான் இருந்துச்சு" என்றார் மாதப்பன். "போன ஆடிக்குப் பாத்தரக் கடச் சாமானாட்டம் மின்னுனப்பதான் எனக்குச் சந்தேகம். காச மாத்திட்டாங்களோன்னு."

தேங்காய் உடைந்தது. சாப்பாடு முடிந்ததும் காசியம்மாள் சாடியைக் கொண்டுவந்து பிளசியின் முன்னால் வைத்தாள்.

பிளசி அந்தக் காசை, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு, தான் கொண்டுவந்திருந்த ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடியை இறுகத் திருகி, மெழுகு வைத்து அடைத்து, தன் கையாலேயே உப்புக்குள் புதைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, எட்டரை மணிக்குத் தூங்கிப்போனாள்.