சூடத்துக்குக் கட்டுப்பட்ட ஓட்டு

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் நாக்கில் பட்டால் கரிக்கும். அதில் பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடித்துக்கொள்ளும். திருச்சுழி போகிற வழியில், மழையை நம்பிய எங்கள் காட்டு ஊருக்கு நல்ல தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்தவர் முத்திருளாண்டி. அருப்புக்கோட்டையில் மில் வேலை பார்க்கும்போது சங்கம் சேர்த்ததால் வெளியே அனுப்பப்பட்டு, ஜெயிலுக்கும் போய்வந்து, சிவப்புக் கொடிக் கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஆனவர். எங்களுக்கு அவர் "தோழரு". என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் குழாய்க்காக மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அவர் ஒன்றியத் தேர்தலில் நின்றார். அதற்கு முன்பு இரண்டு தடவை தோற்றவர். இந்தத் தடவை எங்கள் தெரு ஓட்டு விழுந்தாலே ஜெயித்துவிடுவார் என்றார்கள். ஓட்டுக்கு முந்தின நாள் எதிராளியின் ஆட்கள் வந்து காளியம்மன் கோயிலுக்கு வெண்கல மணி கட்டினார்கள். கட்டிவிட்டு, வீட்டுக்கொரு ஆளை வரவழைத்து, தங்கள் ஆளுக்கே ஓட்டு என்று எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அப்பாவால் மறுக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்து வந்த தோழரிடம், "நீங்களும் ஒரு சூடத்தக் கொளுத்துங்க" என்றார் என் சித்தப்பா.

"ஏப்பா, நான் கும்பிடாத சாமி எனக்குச் சாட்சிக்கு வருமா?" என்று சிரித்தார் அவர்.

வீட்டில் அம்மா விடவில்லை. "அவுக கொண்டாந்த தண்ணியக் குடிச்சுட்டு வேற ஆளுக்குக் குத்துறதா?"

"அம்மன் முன்னால சொல்லிட்டேன். பிள்ளைகள வச்சிருக்கோம், பேசாம இரு."

அம்மாவும் அப்படியே குத்தினாள். தோழர் தோற்றார்.

மறுவாரமே எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "அண்ணே, வெளிய வாங்க. பஸ்ஸுக்கு மனு எழுதியிருக்கேன், கையெழுத்துப் போடுங்க." அப்பா வெளியே வந்து, நிமிராமலே போட்டார்.

பஸ் வந்தது. தோழர் கடைசிவரை ஒரு தேர்தலிலும் ஜெயிக்காமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது எங்கள் ரேஷன் கடையைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மனு எழுதினோம், முன்னால் நின்று பேச ஆளில்லாமல் அது சாமி படத்துக்குக் கீழே கிடக்கிறது. ஓட்டுக் கேட்க எத்தனையோ பேர் வருகிறார்கள். தோற்ற பிறகும் வந்து நிற்க ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் காளியம்மனுக்கு விளக்குப் போடுகிறேன். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், சரி. உன் சன்னிதியில் அந்தச் சத்தியத்தை வாங்க விட்டுவிட்டு நீ ஏன் தாயே சும்மா இருந்தாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறேன்.