மேல் அறைக்கு வரி

எங்கள் அப்பா பெயின்டர். சிவாஜிநகரைச் சுற்றி அவர் கை படாத சுவர் குறைவு. ஆனால் எங்கள் வீட்டு முன்சுவருக்கு மட்டும் அவர் கடைசிவரை ஒரு கை சுண்ணாம்புகூடப் பூசவில்லை. பூச்சு பெயர்ந்து செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். கேட்டால், "வரிக்காரன் கண்ண உறுத்தக் கூடாதும்மா" என்பார். தெருவே சிரிக்கும். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

அவருடைய பயமெல்லாம் மேல் அறையைப் பற்றித்தான். கீழே இருந்த இரண்டு சின்ன அறைகள்தான் மாநகராட்சிக் கணக்கில் இருந்தவை. என்னைக் கட்டியவன் வேறொருத்தியோடு போன பிறகு நான் பெட்டியோடு வந்து வாசலில் நின்றேன். அதே வருஷம் பிளான், கிளான் ஒன்றும் இல்லாமல் மாடியில் ஷீட் போட்டு ஓர் அறையை எழுப்பினார் அப்பா. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வாடகைக்கு வந்தார்கள். "நான் போன பின்னாடி இந்த வாடகைதான் உனக்கு ஆம்பள" என்றார். பேச்சைப் பாருங்கள். அவருக்குப் பிரியத்தைச் சொல்லத் தெரிந்த விதம் அவ்வளவுதான்.

ஏப்ரலில் வீட்டு வரி கட்டினால் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் எனக்கு வேலை. காலை பஸ் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் செல்போனிலேயே வரியைக் கட்டி முடித்துவிடுவேன். அப்பாவுக்கு அது கட்டினதாகவே ஆகாது. ரசீதை பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, வார்டு ஆபீசுக்கு எடுத்துப் போய் சீல் வாங்கி வந்தால்தான் தூங்குவார். அங்கே போவதற்கென்றே ஓர் உடுப்பு வைத்திருந்தார். காலர் கிழிந்த சட்டை, கறை பிடித்த வேட்டி, ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு. முகச்சவரத்தைக்கூட சில நாள் முன்பே நிறுத்திவிடுவார். நல்ல சட்டையோடு போனால் "இவனிடம் காசு இருக்கிறது" என்று ஆளை அனுப்பி வீட்டை அளப்பார்களாம். கல்யாணத்துக்குப் போகிறவர்கள்கூட இத்தனை ஜோடனை செய்துகொள்வதில்லை.

ரசீதில் வீட்டு வரியோடு சில குட்டி வரிகளும் ஒட்டிக்கொண்டு வரும். நூலகத்துக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று, பிச்சைக்காரர்களைப் பராமரிக்க ஒன்று. எங்கள் தெருவில் நூலகம் எங்கே என்று கேட்டால் வழி சொல்ல ஆள் கிடையாது. சாக்கடையைப் பார்த்தால் சுகாதாரமும் தெரிந்துவிடும். அப்பாவுக்குப் பிடித்தது அந்தப் பிச்சைக்கார வரி ஒன்றுதான். ஒவ்வொரு வருஷமும் என்னிடம் அதைக் காட்டச் சொல்லி, "நம்ம துட்டுல எங்கியோ ஒருத்தன் சோறு துன்றான் பாரு" என்று மீசையைத் தடவுவார். வரி என்றாலே மூக்கால் அழுகிற மனுஷன், அந்த ஒரு வரியைப் படித்ததும் ஜமீன்தார் ஆகிவிடுவார்.

அந்த ஏப்ரலிலும் கிழிந்த சட்டையை மாட்டிக்கொண்டு போனார். மாலையில் நான் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. வார்டு ஆபீசுக்கு ஓடினேன். அதுவும் பூட்டியிருந்தது. எதிரே இருந்த டீக்கடையும் மூடியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில், "வயசானவங்க, எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க, வருவாரும்மா" என்றார்கள். எங்களுக்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு காக்கை கிடையாது. அரசு ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாகத் தேடினேன். ஒரு பிணவறையில் துணியை விலக்கிக் காட்டியபோது, அவர் இல்லை என்றதும் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதுவும் யாரோ ஒருத்தியின் அப்பாதானே.

டீக்கடைக்காரர் அன்று மதியமே கடையை மூடிவிட்டுத் தங்கை கல்யாணத்துக்கு அத்திபெலே போயிருந்தார். அவர் திரும்பி வந்து கடையைத் திறந்த பிறகுதான் துப்பு கிடைத்தது. நான் அடையாளம் சொல்லி முடிப்பதற்குள் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து எங்கள் பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். ஆபீஸில் கூட்டமாக இருந்ததால் அப்பா வெளியே காம்பவுண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். துண்டை எடுத்து முகம் துடைத்து மடியில் விரித்து வைத்திருக்கிறார். போகிற வழியில் யாரோ ஒரு புண்ணியவதி அதில் ஒரு நாணயத்தைப் போட்டிருக்கிறாள்.

"அப்புறம் கவர்மென்ட் வேன் வந்துச்சுக்கா. பிச்ச எடுக்கறவங்களப் புடிச்சிட்டுப் போற வேனு. பெரியவரு கிட்ட என்னமோ கேட்டாங்க, அவரும் கும்பிட்டு பதில் சொன்னாரு. ஏத்திட்டாங்க. இந்தக் கவர் மேலதான் குந்தியிருந்தாரு, உட்டுட்டாரு" என்றார்.

பிச்சைக்காரர்களைக் கொண்டுபோய் வைக்கும் அரசு மையம் ஊரின் இன்னொரு கோடியில் இருந்தது. பஸ்ஸில் போகும் வழியெல்லாம், அப்பா ஏன் வீட்டு விலாசத்தைச் சொல்லவில்லை என்ற கேள்வியே குடைந்தது. இந்த ஊர்க் கன்னடத்தை அவர் என்னைவிட நன்றாகப் பேசுவார். வாயில்லாத ஆளும் இல்லை.

பொறுப்பில் இருந்த அம்மாள் நல்லவிதமாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"நீங்க மகளா? இவரு மனெ இல்ல, பொண்ணு இல்ல, யாரும் இல்லன்னு சொல்லி இதாரேம்மா. பிச்சைக்காரர் இல்லன்னு ஏதாவது புரூஃப் இருக்கா?"

பொண்ணு இல்லை என்றாரா? எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பிளாஸ்டிக் கவரை மேஜையில் வைத்தேன். அந்த அம்மாள் ரசீதை மேலிருந்து கீழாகப் படித்தார். பிச்சைக்கார வரி என்ற இடத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அப்பாவை அழைத்து வரச் சொன்னார்.

வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பேன் வராமலிருக்க எல்லோருக்கும் செய்வதுபோல மொட்டையடித்திருந்தார்கள். மீசையும் போயிருந்தது. எல்லோருக்கும் கொடுக்கும் அதே உடுப்பு. அடிக்கவில்லை, திட்டவில்லை, வேளைக்குச் சோறும் போட்டிருக்கிறார்கள். அவர்தான் சரியாகச் சாப்பிடவில்லையாம். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், உதட்டில் விரல் வைத்து, பேசாதே என்று ஜாடை காட்டினார்.

ஆட்டோவில் ஏறியதும் நான் வெடித்தேன். "நான் செத்தா போயிட்டேன்? பொண்ணு இல்லன்னு எப்பிடிப்பா வாய் வந்துச்சு?"

அவர் ஆட்டோ டிரைவரை ஒரு முறை பார்த்துவிட்டு என் காதோடு சொன்னார். "கவர்மென்ட் போர்டு போட்ட வண்டிம்மா. எறங்கினவன் மொதல்ல கேட்டதே, மனெ எல்லிதே, வூடு எங்கன்னுதான். வூட்ட அளக்க வந்த ஆளுன்னு நெனச்சுட்டேன். வூடே இல்ல சாமின்னேன். வூட்ல யாரு இருக்காங்கன்னான். யாரும் இல்லன்னேன். சம்பாரிக்கிற பொண்ணு இருக்குன்னா உடுவானா?"

"சரி, அங்க போன பின்னாடி தெரியலியா எந்த எடம்னு?"

"தெரிஞ்சிச்சு. நான் வரி கட்றவன்னேன். பக்கத்துல படுத்திருந்தவன் சிரிச்சான். அந்தம்மா அட்ரஸ் சொல்லு, ஆள் அனுப்பிப் பாக்கறேன்னுச்சு." டிரைவரை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். "வந்து பாத்தா மாடி தெரிஞ்சிடுமேம்மா. எல்லாம் ஒரே கவர்மென்ட்தான? மேல் ரூமப் பத்தி மட்டும் நான் மூச்சு வுடல."

பெருமையோடு சொன்னார். மீசை இருந்த இடத்தைக் கை தடவியது. எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது, இரண்டு அறை வைக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. துண்டை எடுத்து அந்த மொட்டைத் தலையை மூடிவிட்டேன்.

அதன் பிறகு அப்பா வெளியே போகவில்லை. மீசை முளைத்தது, ஆள் முளைக்கவில்லை. வாசலில் ஏதாவது வண்டி நின்றால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டில் குழம்பு கொடுத்தால் தொட மாட்டார். நான் தட்டில் சோறு போட்டால்கூட ஒரு கணம் அதையே பார்ப்பார்.

"இது நம்ம சோறுதானே?"

"நம்மளுதுதான்ப்பா. சாப்பிடு."

முதலில் கோபமாகச் சொன்னேன். பிறகு பழகிப்போய், ஒவ்வொரு வேளையும் அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் போடுவேன். அப்படியும் பாதிச் சோறு தட்டிலேயே இருக்கும். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். டாக்டர் ஏதோ ஒரு வியாதியின் பெயரைச் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் அந்த வேனில் ஏறிய அன்றே பாதி போய்விட்டார்.

வீட்டை என் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தேன். அளந்து பார்க்க மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். அப்பா காலமெல்லாம் பயந்த ஆள். சின்ன வயசு, இஸ்திரி போட்ட சட்டை, கையில் டேப். செங்கல் தெரியும் முன்சுவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் படியேறினார். மாடியில் வாடகைக்கு இருந்த பெண்களில் ஒருத்தி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அளந்து குறித்துக்கொண்டு கீழே வந்தார்.

"மேல ஒரு ரூம் இதெ. நம்ம ரெக்கார்ட்ல இல்ல. அதுக்கு டாக்ஸ் கட்டவே இல்லியாம்மா?"

"அதுக்கு எங்கப்பா கட்டிட்டாரு சார்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினார்.

"ரசீது கொடும்மா."