பார்க்க மட்டும்

கோரிமேட்டில் என் மனைவி நடத்திவந்த மருந்துக்கடை, அவள் மறைவுக்குப் பின் என்னிடம் வந்தது. கல்லூரியில் நெடுங்காலம் தணிக்கையியல் கற்பித்தவனுக்குக் கடை நடத்தத் தெரியும் என்று உறவினர்கள் நம்பினார்கள். ஊழியர்கள் நம்பவில்லை.

அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. காலையில், எதிரே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் பேருந்தில் வந்து இறங்கும் நேரமாகப் பார்த்து, பின்னறைக் கணினியில் விற்பனை அறிக்கை ஒன்றைக் கேட்பேன். அதற்காகக் கடையின் தரவுத்தளம் முழுவதும் புரட்டப்படும். முன்னால் பில் நின்றுவிடும். மருந்துச்சீட்டோடு காத்திருப்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஐயா மறுபடியும் ரிப்போர்ட் போட்டுட்டாரு," என்பார் பில் போடும் பெண்மணி, என் காதில் விழும்படியே.

தீர்வாக ஒரு பெண் பொறியாளரை அழைத்து வந்தார்கள். அவர் தரவுத்தளத்துக்கு ஒரு நகல் ஏற்படுத்தி, அறிக்கை தரும் மென்பொருளை அந்த நகலோடு இணைத்தார். மூலத்தில் நடப்பதெல்லாம் சில நொடிகளில் நகலுக்கு வந்துவிடும்.

"நீங்க எவ்ளோ வேணாலும் பாக்கலாம் சார். எதையும் மாத்த முடியாது. கடைக்கு ஒன்னும் ஆவாது."

இத்தனை மரியாதையாக என்னை யாரும் ஒதுக்கி வைத்ததில்லை.

யார் எத்தனை பில் போட்டார்கள் என்ற வரைபடம் திரையில் வந்தது. ஒரே ஒரு பட்டை உயர்ந்து நின்றது. அதன் கீழே என் மனைவியின் பெயர்.

"இவங்க ஒருத்தரே எல்லாத்தையும் போட்டிருக்காங்க. நேத்துகூட. லீவே எடுக்க மாட்டாங்க போல," என்று சிரித்த பொறியாளர், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அம்மா பேர்லதான் தெனமும் தொறக்கறோம்," என்றார் பில் போடும் பெண்மணி. "அவங்க பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். வேற பேர் போட மனசு வராம இல்ல. போடத் தெரியல."

ஒருவர் பெயரில் மற்றவர் பதிவு செய்வதை அனுமதிக்கவே கூடாது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். பொறியாளரும் அதையே சொன்னார்: ஆளுக்கொரு பெயர் தரவேண்டும், பழைய பெயரை எடுத்துவிட வேண்டும்.

"எடுத்துடட்டுமா சார்?"

மூலத்தில் எடுத்தால் நகலிலும் போய்விடுமா என்று கேட்டேன். போய்விடுமாம்.

"புதுப் பேரெல்லாம் போட்டுடுங்க. அதை மட்டும் எடுக்க வேணாம். எனக்குக் கொடுத்த அனுமதியையே அவங்களுக்கும் கொடுத்துடுங்கம்மா."

"பாக்க மட்டுமா சார்?"

"பாக்க மட்டும்."

மறுநாள் காலை, அன்றைய வரைபடத்தில் புதிய பட்டைகள் முளைத்திருந்தன. அவள் பெயருக்கு மேலே ஒன்றுமில்லை. பேருந்து வந்த நேரத்தில் மீண்டும் ஓர் அறிக்கை கேட்டேன். பில் நிற்கவில்லை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.