வெள்ளைநெத்திக்கு நான்காம் பட்டினி

நவம்பர் பிறந்து பத்து நாளாகியும் அக்லயாவின் வாசலில் சேறு உறையவில்லை. வடகோடிப் பனிநாடான யாகூத்தியாவில் இந்நேரம் மூச்சு விட்டால் கண்ணிமையில் உறைபனி படியும். இந்த வருஷம் வானத்துக்கு என்ன கேடோ, நசநசவென்று தூறிக்கொண்டே இருந்தது.

அக்லயாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினேழு வயதில் அரசுப் பண்ணையில் பால் கறக்க உட்கார்ந்தவள். பண்ணை போயிற்று, புருஷன் போனான், முழங்கால் வலி மட்டும் போகவில்லை. இப்போது தொழுவத்தில் இரண்டே உருப்படிகள்: பால் வற்றிய கிழப்பசு வெள்ளைநெத்தி, சினைக்கிடாரி ஒன்று. கோடையில் அவளால் அறுக்க முடிந்த புல் ஒரு வாய்க்குத்தான் மே மாதம்வரை வரும். கடுங்குளிர் பிடித்ததும் கிழப்பசுவை அறுத்து, கறியை வெளிக்கொட்டகையில் தொங்கவிட்டால் வசந்தம்வரை கெடாது. குளிர் பிடிக்காமல் அறுத்தால் அழுகிவிடும். அறுக்காமல் வைத்திருந்தாலோ, கிடாரியின் தீனி தீர்ந்துபோகும்.

அறுப்பதற்கு முந்தின நாள் மாட்டுக்குத் தீனி கிடையாது. மூன்று முறை குளிர் எட்டிப் பார்த்தது. மூன்று முறையும் அக்லயா வெள்ளைநெத்தியின் கழுத்தைத் தடவி, "போயிட்டு வா தாயி" என்று சொல்லிப் பட்டினி போட்டாள். மூன்று முறையும் விடிந்தால் கூரை சொட்டியது. கத்தியோடு வந்த பக்கத்து வீட்டு கவ்ரீல் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினான்.

"மாட்டுக்குப் பதிலா உன் தேயிலையத்தான் தீர்த்துக்கிட்டு இருக்கேன்க்கா."

"நீ கத்தியத் தூக்கினாலே மழை. மூஞ்சி ராசி அப்படி," என்றாள். சிரிக்க அவளுக்குத் தெம்பில்லை.

நான்காவது முறை குளிர் நிஜமாகவே வந்தது. சேறு கல்லாய் இறுகியது. காலையில் கவ்ரீல் வந்து பார்த்தபோது வெள்ளைநெத்தியின் தொட்டியில் புல் மிச்சம் கிடந்தது.

"என்னக்கா, தீனி போட்டிருக்கே? சொல்லிட்டுத்தானே போனேன்?"

"மூணு வாட்டி பட்டினி போட்டாச்சு. மூணு வாட்டி போயிட்டு வான்னும் சொல்லியாச்சு. நேத்து காலித் தொட்டிய நக்கிட்டு என்னையே பாத்துச்சு தம்பி. என்னால முடியலடா."

கவ்ரீல் கத்தியைத் துணியில் சுற்றினான். "சரி, நாளைக்கு வர்றேன். குளிர் இனிமே விடாது. இன்னைக்கு ஒரு பிடி போட்டே, அப்புறம் வேற ஆளப் பாத்துக்கோ."

அவன் போனதும் மிச்சப் புல்லை அள்ளிக் கிடாரியின் பக்கம் போட்டாள். வெள்ளைநெத்தி கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. இந்த முறை அவள் அதனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாதமாகக் குளிர் கேட்டு வேண்டிக்கொண்டிருந்தவள், வாசலுக்கு வந்து, எங்காவது மேகம் திரள்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.