குள்ளன் விற்பனைக்கு இல்லை

"உனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?" என்று ஒரு கூட்டம் கேட்கும். "இவ்வளவு சின்னதையா வாங்கின?" என்று இன்னொரு கூட்டம் கேட்கும். இரண்டு கூட்டமும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். அக்கா இரண்டுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "எனக்குப் புடிச்சிருந்துச்சு, வாங்கினேன்."

செங்கல் நிறத்தில் குட்டையாக ஒரு எஸ்யூவி. குள்ளன் என்று பேர் வைத்தது நான்தான். நாலு சக்கரமும் இழுக்கும். மற்ற கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம் இரண்டும் இழுக்க, பின்சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். இதில் முன்சக்கரம் வழுக்கினால் பின்சக்கரமும் கை கொடுக்கும். வாங்கின புதிதில் பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லாரிடமும் அக்கா இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அவளுடைய தொழில் முடி வெட்டுவது. கடை வைத்து அல்ல, வீடு தேடிப் போய். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், சக்கர நாற்காலியை விட்டு இறங்க முடியாதவர்கள், இவர்கள்தான் அவளுடைய வாடிக்கையாளர்கள். அத்தான் பக்கவாதம் வந்து கிடந்தபோது, வருகிறேன் என்று சொன்ன சலூன்காரர் ஒருவர்கூட வரவில்லை. தலையில் காடு மண்டி, அந்த மனிதர் கண்ணாடி பார்க்கவே மறுத்துவிட்டார். அப்போது பியூட்டி பார்லரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, தானே கத்தரியை எடுத்தாள். அத்தான் போன பிறகு பார்லருக்கு ஒரு கும்பிடு போட்டாள். "எந்திரிச்சு நடக்கறவங்களுக்கு வெட்ட ஆயிரம் பேர் இருக்காங்க. எந்திரிக்க முடியாதவங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள். நான் சும்மா வீட்டில் இருந்தவள். என்னையும் உதவிக்கு இழுத்துக்கொண்டாள்.

எங்கள் ஊரின் பாதி சரிவில் இருக்கிறது. கீழே தார்ரோடு, மேலே போகப் போகச் செம்மண். மழை பெய்தால் அந்தப் பாதை சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். அதற்காகத்தான் குள்ளன்.

அதோடு குடித்தனம் நடத்துவது ஒன்றும் லேசுப்பட்ட காரியமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலை மடக்கு மடக்கென்று குடிக்கும். பின்சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். டிக்கியைத் திறந்தால், அட, இவ்வளவுதானா என்று இருக்கும். மடக்கு நாற்காலி, படுத்தபடியே தலை அலச உதவும் காற்றடைத்த தொட்டி, தண்ணீர் கேன், முடியை உறிஞ்சும் குட்டி மிஷின், இவ்வளவையும் அதற்குள் திணிக்க அக்காவால் மட்டும்தான் முடியும். நான் அடுக்கினால் கதவு மூடாது, அவள் அடுக்கினால் என் கைப்பைக்கும் இடம் இருக்கும். டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு பிளாஸ்டிக் துண்டு ஓயாமல் கடகடக்கும். செங்குத்தான இறக்கத்தில் ஒரு பட்டனை அழுத்தினால், வண்டி தானே பிரேக் போட்டுக்கொண்டு கடமுடவென்று இறங்கும். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு, வண்டி இரண்டாகப் பிளந்துவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "செத்துட்டோமா?" என்று கேட்டேன். "இன்னும் இல்ல, கண்ணத் திற" என்றாள் அக்கா.

போன மாதம் அவள் மகன் வெளியூரிலிருந்து வந்தான். தங்கமான பிள்ளை, அம்மா என்றால் உயிர். ஆனால் அவனுக்குப் பாசம் பொங்கினால் யாரையும் கேட்கமாட்டான், செய்து முடித்துவிட்டுத்தான் சொல்வான். மத்தியானம் அக்கா கண்ணயர்ந்த நேரத்தில் குள்ளனை ஓட்டிக்கொண்டு போய், முன்சக்கரங்களுக்கு இரண்டு புது டயர் மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"முன்னாடி ரெண்டும் மொட்டையாயிருச்சும்மா. பின்னாடி இருக்கறது இன்னும் கொஞ்ச நாள் ஓடும், அதனால விட்டுட்டேன்" என்றான். அக்காவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் டயரைக் காட்டினாள்.

அவன் ஊருக்குப் போனதும் குள்ளன் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. சந்தில் திரும்பும்போது அடியில் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி உதறும். ஒருநாள் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து, நாங்கள் பயப்படுவதற்குள் தானாகவே அணைந்துவிட்டது. "அதுக்கும் வயசாகுது, விடு" என்றாள் அக்கா.

சரிவின் உச்சியில் ஒரு பழைய தபால்காரர் இருக்கிறார். முதுகெலும்பு அடிபட்டுப் படுத்தவர். மழை விட்ட ஒரு காலையில் அவருக்கு முடி வெட்டப் போய்க்கொண்டிருந்தோம். பாதி மேட்டில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. முன்சக்கரம் இரண்டும் விர்ரென்று சேற்றை வாரி அடித்தன. பின்சக்கரங்கள் எனக்கென்ன என்று இருந்தன. குள்ளன் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் சறுக்கி, ஒரு பின்சக்கரத்தை ஓரத்துப் பள்ளத்தில் விட்டுவிட்டு நின்றது. நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன.

"கத்தாதடி, காது வலிக்குது" என்றாள் அக்கா. கை மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை. பிறகு இறங்கி, கத்தரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேற்றில் நடந்தே மேலே போய், தபால்காரருக்கு முடி வெட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள். அதற்குள் ஒரு காய்கறி வேன்காரர் கயிறு கட்டிக் குள்ளனை மேலே இழுத்துவிட்டார். அதற்குள்ளேயே ஒரு புண்ணியவான் படமும் எடுத்துவிட்டான். அன்று மாலை அந்தப் படம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தது.

அப்புறம் என்ன, ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். இந்த வயசுல இதெல்லாம் தேவையா. நாங்க அப்பவே சொன்னோம். சொன்னார்களாம்! ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டிருப்பார்களா இந்த மகானுபாவர்கள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை மெத்தைமேல் வீசினேன்.

மகன் மறுநாள் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். "அம்மா, போதும்மா. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. வண்டிய வித்துருவோம். வாங்க ஒருத்தரப் பாத்து வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழம நானே கூட்டிட்டு வரேன். எங்கயாவது போகணும்னா டாக்ஸி கூப்பிட்டுக்க."

எந்த டாக்ஸிக்காரர் அந்த மேட்டில் ஏறுவார்? கீழே இறக்கிவிட்டு, நடந்து போங்கம்மா என்பார். நாற்காலியையும் தொட்டியையும் தண்ணீர் கேனையும் தலையில் தூக்கிக்கொண்டா ஏறுவது? வண்டி போனால் மேட்டு வீடுகள் போச்சு. மேட்டு வீடுகள் போனால் அக்காவின் தொழிலே போச்சு. நான் இதைக் கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா போனை வைத்துவிட்டாள்.

அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. அவள் சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். அதற்குப் பிறகு சாவியை எடுப்பாள், வைப்பாள். வந்த அழைப்புகளுக்கெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், "ஏண்டி, நான்தான் தப்பா மிதிச்சிட்டேனா? கை பழசாயிருச்சா?" அவள் குரலில் அப்படி ஒரு சுருதியை நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கை பழசோ புதுசோ, மெக்கானிக்கிட்ட காட்டுவோம் வா" என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் எல்லாம் போகவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், நின்றார், சிரித்தார். "யாரும்மா முன்னாடி மட்டும் புதுசு போட்டது?"

"என் பையன்."

"பாசமா போட்டிருக்கார். ஆனா இந்த மாதிரி வண்டிக்கு நாலு டயரும் ஒண்ணு போல தேயணும். புது டயர் உயரம், தேஞ்சது குட்டை. குட்டையா இருக்கறது கொஞ்சம் வேகமா சுத்துமில்ல? வண்டி என்ன நினைக்குது, ஏதோ வழுக்குதுன்னு நினைச்சு, தார்ரோட்டுல கூட நாள் முழுக்க மல்லுக்கட்டுது. சூடாகி, போதும்டா சாமின்னு பின்சக்கரத்த கழட்டி விட்டுடுது. அந்த மஞ்ச விளக்கு அதுதான். நீங்க மேடு ஏறினது ரெண்டு சக்கரத்துலம்மா. அதுல அவ்வளவு தூரம் ஏத்தினதே பெருசு."

நல்ல வேளையாகப் பெரிய சேதம் இல்லை. மகன் போட்ட அதே டயரில் இன்னும் இரண்டு வாங்கிப் பின்னால் மாட்டினோம். நான் அங்கேயே குதித்தேன். குழுவில் போட்டு நாறடிக்கிறேன் பார் என்று போனை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். யாருக்கும் சொல்லாத."

"ஏன்? உன் மேல தப்பே இல்லன்னு ஊருக்கே தெரியட்டுமே!"

"வேணாம்னா வேணாம்" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டினாள். சந்தில் குள்ளன் உதறாமல் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மகன் தன் காரில் வந்தான். கூடவே வண்டி வாங்க வந்தவர், பேக்கரி வைத்திருப்பவர், ஆள் நல்ல பருமன். அன்று காலை மேட்டில் ஒரு வீட்டுக்கு வருவதாக அக்கா சொல்லியிருந்தாள். கிளம்பத் தயாராகக் கத்தரிப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

பேக்கரிக்காரர் குள்ளனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மைலேஜ் எப்படிம்மா?" என்றார்.

"கேக்காதீங்க. நல்லா குடிக்கும்."

"டிக்கி?"

"உங்க கேக்குப் பெட்டிய படுக்க வச்சா போகும். நிமுத்தி வச்சா போகாது."

"ஏதாவது சத்தம் வருதா?"

"எப்பவும் வரும். பாட்டுப் போட்டுக்கணும்."

"அம்மா, நீ விக்கறியா இல்ல விரட்டறியா?" என்று மகன் பல்லைக் கடித்தான்.

"கேட்டாரு, சொன்னேன். விக்கறேன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள் அக்கா.

"அன்னிக்குப் பள்ளத்துல விழுந்தியேம்மா! இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" அவன் கண் கலங்கியிருந்தது. வேஷம் இல்லை, நிஜமான பயம். ஆனாலும் எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. யாருக்கும் சொல்லாதே என்று அவள் சொன்னது மறந்தே போனது.

"டேய், விழ வச்சதே நீதான்டா!" என்று கத்திவிட்டேன். இரண்டு டயர், உயரம் குட்டை, மஞ்சள் விளக்கு, மெக்கானிக் சொன்ன எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினேன்.

மகன் குனிந்து நாலு டயரையும் பார்த்தான். "ஐயோ, நானாம்மா? எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா தெரியாது." பிறகு அவன் முகம் மெல்லத் தெளிந்தது. பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டான். "அப்ப உன் மேல தப்பே இல்ல. சரிம்மா, அப்ப விக்க வேணாம். நீயே வச்சுக்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா முகம் சிவந்திருந்தது.

"வச்சுக்கவா?" என்றாள். "நீ யாருடா எனக்கு வச்சுக்கச் சொல்ல?"

"அம்மா, நான் நல்லதுக்குத்தான..."

"இருடா, நான் பேசறேன். டயரால வழுக்குச்சு, அதனால வண்டி என்னுது. அப்படித்தான? நாளைக்கு நானே தப்பா மிதிச்சு வழுக்கினா? அப்ப ஞாயித்துக்கிழம ஆளக் கூட்டிட்டு வந்துருவ, இல்ல? இதுக்குத்தான்டி உன்னைச் சொல்ல வேணாம்னேன்" என்று என் பக்கமும் ஒன்று போட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லா கேட்டுக்க. அன்னிக்குச் சறுக்கினது நான்தான், என் கைதான், என் காலுதான்னே வச்சுக்க. அப்பவும் வண்டி என்னுது. போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்குச்சே, பாத்ரூம வித்தீங்களா? நீ காலேஜ் படிக்கும்போது உங்கப்பா ஸ்கூட்டரக் கொண்டுபோய்ச் சுவத்துல மோதினியே, உன்னை யாராவது டாக்ஸில போகச் சொன்னாங்களா? விழுந்தா கயிறு கட்டி இழுப்பாங்க. இழுத்தாங்க. வண்டி வேணுமா வேணாமான்னு நான் சொல்லுவேன். என்னிக்கு முடியலன்னு எனக்குத் தோணுதோ அன்னிக்கு நானே சாவியக் குடுப்பேன். அதுவரைக்கும் உன் அனுமதி எனக்குத் தேவையில்ல, உன் மன்னிப்பும் தேவையில்ல."

மகனின் தாடை அத்தான் மாதிரியே துடித்தது. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அக்காவைப் பார்க்கக் கைதட்டவேண்டும் போலவும் இருந்தது.

பேக்கரிக்காரர்தான் மெதுவாக, "அப்ப நான் இதே மாதிரி வேற ஒண்ணு தேடிக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"தேடிக்குங்க. நல்ல வண்டி" என்றாள் அக்கா. முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். நான் சுற்றி ஓடிப்போய் மறுபக்கம் ஏறிக்கொண்டேன். அவள் சாவியைத் திருகி, பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"என்னம்மா?" என்று மகன் பக்கத்தில் ஓடி வந்தான்.

"உன் கார எடு. வாசல மறைச்சுக்கிட்டு நிக்குது."

அவன் எடுத்தான்.