வதிவிடம்: குறொய்டன்

பக்கத்து வீட்டு கிரஹாம் இலண்டன் குறொய்டனில் பிறந்து, கப்பலேறி வந்து, சிட்னி குறொய்டனில் வீடு வாங்கியவர். நாடு மாறியும் ஊர்ப்பெயர் மாறாத அவருடைய அதிர்ஷ்டம் இருபது வருடமாக என்னை உறுத்துகிறது. இன்று காலை அவரை வேலியோரம் மறித்து, குறொய்டன் என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். மனிதரின் முகம் கறுத்துவிட்டது. "ஏன், வீட்டை விற்கப்போறீரா?" என்றார்.

விற்கும் யோசனை இல்லை. நாளைக்கு எனக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை. மகளுக்குத் தமிழ் எழுத வராது என்பதால் என் மரண அறிவித்தலை நானே எழுதிவைக்க உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆட்களுக்கு அது "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கவேண்டும்; செத்தவரின் பெயர்கூட அதற்குப் பிறகுதான். பிறப்பிடத்தில் மயிலிட்டி என்று ஒரே மூச்சில் எழுதினேன். வதிவிடத்தில் பேனை நின்றுவிட்டது.

கிரஹாம் சொல்லாததைத் தேடிப் படித்தேன். குறொய்டன் ஆதியில் குங்குமப்பூப் பள்ளத்தாக்காம். வாய்க்கு வாய் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. ரயிலில் நான் தூங்கி வழிந்தபடி கடக்கும் லூயிஷாம், லியோப்சா என்ற எவனோ ஒருவனின் வீடாம். அவனை அறிந்தவர்கள் எல்லாரும் மண்ணாகிப் போக, பெயர் மட்டும் கடல் தாண்டி வந்து நிலையப் பலகையில் நிற்கிறது. இந்த மண்ணுக்குரிய வங்கல் மக்கள் இவ்விடத்தை என்னவென்று அழைத்தார்கள் என்றும் தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை.

அதன்பின் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. போரில் இராணுவம் பிடித்த மயிலிட்டிக்குள் நீண்ட காலம் ஆட்களை விடவில்லை. விட்டபின் போய்ப் பார்த்தபோது, வீடும் வேலியும் தரைமட்டமாகிக் கிடக்க, எங்கள் வளவின் எல்லை எது என்று என்னால் காட்ட முடியவில்லை. லியோப்சாவின் வீட்டுக்கு இருந்த ஆயுள் எங்கள் வீட்டுக்கு இல்லாமல் போய்விட்டதே என்று ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

குசினியிலிருந்து வந்த மனைவி தாளைப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"என்ரை அறிவித்தல். வதிவிடம் எண்டு என்னத்தை எழுதுறது?"

"உங்களுக்கென்ன விசரே?"

கிழித்தெறிவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள்.

"பிறந்த ஊர் சரி. மற்றதை விடுங்கோ. நாளைக்குப் போயிட்டு வாங்கோ, வந்து எழுதுவம்."

ஆஸ்பத்திரிப் பையில், உடுக்கிற சாரத்துக்கு அடியில் அந்தத் தாளை வைத்திருக்கிறேன். மயிலிட்டிக்கும் என் பெயருக்கும் நடுவில் ஒரு வரி வெறுமையாகக் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இருபது வருடத்தில் முதல் தடவையாக, குறொய்டனுக்குத் திரும்பி வரவேண்டும் போலவும் இருக்கிறது.