கரையான் தின்ற கட்டுக்கு விளக்கம்

வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் எழுதின கடுதாசி போகவில்லை. நான் வேலை பார்த்த ஆபீஸின் பின் அறையில், துணியில் கட்டி, கூரை வரை அடுக்கி இருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். சாத்தூர் பக்கம். அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கி, உறை போட்டபடி மூலையில் இருந்த காலம். இனிமேல் எல்லாம் அதற்குள் போய்விடும் என்றார்கள். அது வரைக்கும் தூசி தட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் நான். கூட்டுவது, கடுதாசிக் கட்டை எடுத்துக் கொடுப்பது, திரும்ப வைப்பது. தற்காலிகம்.

அதற்கு முன்னால் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் சரம் பின்னினேன். ஒரு நாள் மத்தியானம் பக்கத்து அறை வெடித்தது. நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். மறுநாளிலிருந்து போகவில்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. தூசி தட்டுகிற வேலை கிடைத்தது. தூசி வெடிக்காது.

விருதுநகரில் பருப்பு வியாபாரம் பண்ணுகிற பாய் ஒருத்தர் வாரம் ரெண்டு நாள் வருவார். கடையை மகன்கள் பார்த்துக்கொண்டார்கள். இவருக்குப் பழைய இங்கிலீஷ் கையெழுத்தை வாசிக்கிற பைத்தியம். மேலே அனுமதி வாங்கி வைத்திருந்தார். நான் கட்டை அவிழ்த்துக் கொடுப்பேன். அவர் வாசித்துத் தமிழில் சொல்லுவார். எனக்கு எட்டாவது வரை படிப்பு. இங்கிலீஷில் என் பேரை மட்டும் எழுதுவேன்.

"இன்னைக்கு என்ன பாய்?"

"குதிரை செத்துப் போச்சு தாயி. தாசில்தாரு துரைக்கு எழுதுதாரு. துரை பெரிய துரைக்கு எழுதுதாரு. பெரிய துரை, எத்தனை மணிக்குச் செத்துச்சுன்னு கேக்காரு. ஒம்போது கடுதாசி."

"கடைசியில குதிரை எந்திரிச்சிருச்சா?"

"எங்கன எந்திரிக்க? அது இன்னமும் செத்த நிலையிலேயே இருக்கிறதுன்னு ஒம்போதாவதுல எழுதியிருக்கான்."

எல்லாக் கடுதாசியும் ஒரே மாதிரி முடியும். நீ சோம்பேறி, நீ பொய்யன் என்று துரை பக்கம் பக்கமாகத் திட்டுவான். கடைசியில், 'ஐயா, தங்களின் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியனாக இருக்கும் பெருமை எனக்கு உண்டு' என்று கையெழுத்துப் போடுவான். எங்கள் கம்பெனி போர்மேன் திட்டினால் திட்டினதோடு போவார். அவர் தேவலை.

அந்த வருஷம் புது அதிகாரி வந்தார். ஒரு நில வழக்குக்காகப் பழைய கட்டு ஒன்று கேட்டார். எடுத்தேன். கனம் இல்லை. மேஜையில் வைத்து அவிழ்த்தேன். மேல் துணி நன்றாக இருந்தது. உள்ளே மண். கரையான் நாலைந்து மேஜைக் கண்ணாடியில் நடந்து போனது.

அதிகாரி ஹெட்கிளார்க்கைப் பார்த்தார். ஹெட்கிளார்க் என்னைப் பார்த்தார். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

சாயங்காலம் மெமோ வந்தது. கட்டைப் பராமரிக்கத் தவறியதற்காக என்னை ஏன் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது, மூன்று நாளில் விளக்கம் தரவும் என்று இருந்தது. நிறுத்தினால் எனக்குத் தெரிந்த வேறு வேலை ஒன்றுதான். சரம்.

பாயிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

"என்ன சிரிக்கீக? வேலை போகப் போகுது."

"கோவிச்சுக்காத தாயி. இதே கேள்வியைத் துரை கேட்டிருக்கான். போன வாரந்தான் வாசிச்சேன். இதே அறை, இதே கரையான். தஸ்தாவேஜு பாத்துக்கிட்ட ஆளு நம்ம ஊர்க்காரன். அவன் பதிலும் இருக்கு."

"என்ன சொல்லியிருக்கான்?"

வாசித்தார். நல்ல பதில். தப்பு முழுக்கக் கரையான் மேல் இருந்தது.

"அப்படியே சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

"கொஞ்சம் மாத்தி எழுது தாயி."

"எதுக்கு மாத்த? பெரிய ஆளுகளுக்கு எழுதுன பதிலு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'இக்கட்டடத்தின் பின்னால் தாசில்தார் அவர்களின் வண்டிமாட்டுத் தொழுவம் இருப்பதால், சாணி ஈரத்தில் கரையான் உற்பத்தியாகி, சுவர் வழியே உள்ளே வருகிறது. நான் காகிதத்துக்குக் காவலே தவிர, பூமிக்குக் காவல் அல்ல.' கீழே கீழ்ப்படிந்த ஊழியரையும் சேர்த்துக்கொண்டேன். நல்ல பேப்பரில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் அடுத்த மெமோ. கரையானைக் கண்டவுடன் ஏன் அறிக்கை தரவில்லை?

பாய் அடுத்த கடுதாசியைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"துரையும் இதைத்தான் கேட்டிருக்கான்."

"அந்த ஆளு?"

"அறிக்கை கொடுத்தேன். அந்த அறிக்கை கரையான் தின்ற கட்டுக்குள் இருந்ததுங்கான்."

கெட்டிக்காரன். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது மெமோ மறுநாளே வந்தது. எந்த மாட்டுத் தொழுவம்? அலுவலகத்துக்குப் பின்னால் இருப்பது சைக்கிள் ஸ்டாண்டு. நேரில் வந்து பதில் சொல்லவும்.

"பாய், அடுத்ததை எடுங்க."

எடுத்தார். கையில் வலை மாதிரி வந்தது. நடுவில் எழுத்தே இல்லை, ஓட்டைதான். அதற்குக் கீழ் இருந்த தாள்கள் அதைவிட மோசம்.

"அந்த ஆளுக்கு வேலை போச்சா, இருந்துச்சா?"

"அதைத்தான் தின்னுருக்கு தாயி. பெருமை எனக்கு உண்டுங்கிறது மட்டும் மிச்சம் இருக்கு."

அதுவரை அந்த ஆளைப் பற்றி நான் நினைத்ததில்லை. அவன் பதில்தான் வேண்டியிருந்தது. அவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வேலை போனால் எங்கே போயிருப்பான்? அப்போது பட்டாசுக் கம்பெனி கிடையாது.

அதிகாரி அறைக்கு உள்ளே போனேன். ஹெட்கிளார்க்கும் நின்றார்.

"தொழுவம் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்கய்யா."

"இருக்குன்னு எழுதியிருக்கீங்க?"

"வெள்ளைக்காரன் காலத்துல இருந்துச்சு. அப்ப இருந்த ஆளு எழுதுனதைப் பாத்து எழுதுனேன்."

"எந்த ஆளு?"

"என் வேலையைப் பாத்த ஆளு."

அவர் பேனாவை மூடினார்.

"அறிக்கை கொடுத்தேன்னு இருக்கே?"

"அதுவும் அந்த ஆளுதான். நான் எழுதிக் குடுக்கலை. ஹெட்கிளார்க்கு சார்கிட்ட வாயால சொன்னேன். மூணு தடவை."

ஹெட்கிளார்க் மின்விசிறியைப் பார்த்தார். அது பாட்டுக்குச் சுற்றியது.

"சொல்லுச்சா?" என்று அவரிடம் கேட்டார் அதிகாரி.

"சொல்லுச்சுங்க சார். அது எலக்சன் நேரம்... நானும் எழுதணும்னுதான்..."

"வந்து ஒரு தடவை பாத்திருங்கய்யா" என்றேன்.

வந்தார். பின் அறைக்குள் அதுவரை எந்த அதிகாரியும் வந்து நான் பார்த்ததில்லை. மூலையில் வாசித்துக்கொண்டிருந்த பாய் எழுந்து நின்றார். அதிகாரி அண்ணாந்து பார்த்தபடி ஒரு மர அலமாரிக் காலைப் பிடித்தார். கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது. பெயிண்டு மட்டும்தான் மரமாக இருந்தது. இழுத்தார். பாதி அலமாரி கூடவே வந்தது. மண்ணும் கரையானும் சட்டை வழியாக இறங்கியது. காலடியில் சீனிவெடி விழுந்த மாதிரி குதித்தார். ஹெட்கிளார்க் அவர் முதுகைத் தட்டினார். பயந்து பயந்து தட்டியதில் ஒன்றும் விழவில்லை. நான் துடைப்பத்தை எடுத்தேன். பாய் கண்ணைக் காட்டினார், கீழே வைத்தேன்.

அதிகாரி மூச்சு வாங்கினார்.

"இது ஒரு ஆள் தப்பு இல்லைய்யா" என்று ஹெட்கிளார்க்கிடம் சொன்னார். "இரும்பு அலமாரி இருக்கா?"

"ஷெட்டுல நாலு கிடக்கு சார்."

"எல்லாத்தையும் அதுல மாத்தணும். யாரு செய்வா?"

ஹெட்கிளார்க் தன் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தார்.

"நான் செய்யுதேன்யா" என்றேன்.

"தனியாவா? எத்தனை நாளாகும்?"

கூரை வரை பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் பீஸ் கணக்குக்கு வேலை பார்த்தவள் நான். இது பத்து நாள் வேலை.

"ஆறு மாசமாவது ஆகும்யா. கடுதாசியெல்லாம் பொடிஞ்சு கிடக்கு. மெதுவாத்தான் தூக்கணும்."

பாய்க்குத் திடீரென்று இருமல் வந்தது.

அதிகாரி அங்கேயே நின்று, மெமோவின் பின்பக்கத்தில், கட்டுகளை மாற்றும் பணிக்காக ஆறு மாதம் வேலையில் நீடிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது காலரைச் சொறிந்துகொண்டே போனார்.

மறுநாள் ஒரு கட்டு மாற்றினேன்.